ஒரு கல் பாக்கி

தரை துடைக்கும் மாப்பைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் புதிதாகப் பதித்த தரைக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருகிறாள் பக்கத்து வீட்டுப் பெண். ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். பிறகு அடுத்த கல். வயிறு எட்டரை மாதம், குனிய முடியாது. குனிந்து தட்டவேண்டியதை நின்றபடியே தட்ட அவளாகக் கண்டுபிடித்த வழி இது. கல்லுக்கு அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கனமாக வரும், எங்காவது காற்று தங்கிவிட்டால் காலி டப்பாவைத் தட்டியதுபோல வரும் என்று மேஸ்திரி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ஏன் சொன்னோம் என்று இப்போது அவரே தலையில் அடித்துக்கொள்கிறார்.

"மேஸ்திரி, இது ஒரு மாதிரியா சத்தம் போடுது."

"எதும்மா?"

"ஜன்னலுக்குக் கீழ. மூலைக் கல்லு."

மேஸ்திரி வந்து குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். "நல்லாத்தானம்மா இருக்கு."

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்று கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் தட்டிக் கேட்பாள். "இல்ல மேஸ்திரி. உள்ள காத்து இருக்கு."

எங்கள் தெருவில் அவளுக்கு 'லைன்ல இருங்க' என்றே பெயர். வீட்டிலிருந்தபடி ஒரு துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனிக்கு வரும் புகார்களை ஃபோனில் கேட்டுக்கொள்வது அவள் வேலை. காலை ஒன்பதுக்குக் காதில் கருவியை மாட்டினால் மாலை வரை யாராவது ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் ஏறவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, சட்டையை விழுங்கிவிட்டது. அவள் குரல் மட்டும் ஏறவே ஏறாது. அந்த வேலைப் பழக்கம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. பால் கொண்டுவருபவரிடம் "உங்க பொறுமைக்கு நன்றி" என்பாள். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் லைன்ல இரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சோறு எடுக்க உள்ளே போவாள்.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செய்யாததைச் செய்துவிட்டோம் என்று சொல்லமாட்டாள். மற்றவர்கள் ஆளை அனுப்பாமலே 'அனுப்பியாச்சு' என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவார்களாம். இவள் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மெக்கானிக்கை அழைத்து, அவன் வண்டியைக் கிளப்பும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் 'அனுப்பிட்டோம் சார்' என்பாள். "செஞ்சுட்டுத்தான் சொல்லுவேன் அக்கா. பொய் சொன்னா அப்புறம் திரும்பவும் அந்த ஆளோட ஃபோனை நான்தானே எடுக்கணும்?"

வீடு அவளுடைய அப்பா கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் 'நீயே வச்சுக்க' என்று தொலைவிலிருந்து ஒரு வரி எழுதி அனுப்பியதோடு சரி. கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். கப்பல் ஏதாவது துறைமுகத்தை நெருங்கினால்தான் அவர் குரல் கிடைக்கும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியதும், அவள் முதலில் பார்த்தது தரையைத்தான். முழுக்க வெடிப்பு விட்ட பழைய சிமெண்டுத் தரை.

"இதுல தவழ்ந்தா புள்ளையோட முட்டி என்னத்துக்கு ஆகும் அக்கா?"

தரையில் ஆரம்பித்தது, கேட்பாரில்லாமல் வளர்ந்தது. தரையை மாற்றினால் கதவு இடிக்கும், கதவை அறுத்தால் நிலை ஆடும், நிலையைக் கழற்றினால் சுவர் உதிரும். மூன்றாம் மாதத்தில் ஆரம்பித்த வேலை வயிற்றோடு சேர்ந்து வளர்ந்துகொண்டு போனது. சமையலறையில் மேடை போடும்போது நடுவழிக்கு எவ்வளவு இடம் விடுவது என்று மேஸ்திரி கேட்டார். அவள் தானே போய் நின்று, பக்கவாட்டில் திரும்பி, "இந்தா, இவ்வளவு" என்று வயிற்றைக் காட்டினாள். மேஸ்திரியும் அதைப் பார்த்தே சுண்ணாம்புக் கோடு போட்டார். வயிறு நிரந்தரமில்லை என்பது மேடை கட்டி முடித்து, தண்ணீர் ஊற்றி ஆற வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இன்று அந்த வீட்டில் அடுப்புப் பக்கம் இரண்டு ஆள் கைகோத்துக்கொண்டு நடக்கலாம். பாத்திரம் வைக்கத்தான் இடமில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன். மாதக்கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் துளை போடும் இயந்திரம் உறுமியதில், ஒரு கணக்குப் புத்தகத்தில் முக்கோணம் நான்கு பக்கங்களோடு அச்சேறிப் போய்விட்டது. என் கணவருக்குக் காது மந்தம். கொடுத்துவைத்த மனிதர், அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுத் தூங்குவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கே போய்விட்டேன்.

"எப்பதாம்மா முடியும் இந்தக் கூத்து? மனுஷங்க குடியிருக்க வேணாமா பக்கத்துல?"

அவள் காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். "உங்க சிரமத்துக்கு ரொம்ப வருத்தப்படறேன் அக்கா. உங்க புகாரை எழுதிக்கிறேன்." நான் கேலி என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'பக்கத்து வீட்டு அக்கா, சத்தம்' என்று எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்து, "வேற ஏதாவது உதவி வேணுமா அக்கா?" என்றாள். கோபத்தோடு போன நான், ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். வேலையாட்கள் என்றால் மேஸ்திரியும், கலவை சுமக்கும் அவர் தம்பி மனைவியும்தான். அவர்கள் காலையில் வரும் நேரத்துக்கு அரைமணி முன்பே கேட்டைத் திறந்து வைத்துவிடுவாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினால், வண்டி தெருமுனை திரும்பும் வரை கேட்டிலேயே நிற்பாள். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை கிடையாது. அன்று எனக்கு நிம்மதி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிறும் சுவர் வழியாக அவள் குரல் வந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "லீவு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. சும்மா இருந்தா வீடு ரொம்பப் பெரிசா இருக்கு. யாராவது திட்டிக்கிட்டாவது இருந்தா பொழுது போகுது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள் மேஸ்திரியே என் வாசலுக்கு வந்தார். மெலிந்த மனிதர், புருவத்தில் எப்போதும் சிமெண்டுத் தூள்.

"அக்கா, நீங்கதான் எடுத்துச் சொல்லணும். கொத்து வேலை முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. எனக்கு வேற இடத்துல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. விடமாட்டேங்கறாங்க. ஸ்விட்சு இந்தப் பக்கம் வேணும்னாங்க, மாத்தினேன். அந்தப் பக்கமே இருக்கட்டும்னாங்க, திரும்ப மாத்தினேன். இப்ப அந்த மூலைக் கல்லு. மூணு தடவை எடுத்து மூணு தடவை பதிச்சிட்டேன். கல்லு அழுவுது அக்கா."

எனக்கும் அது விளங்கவில்லை. சத்தம் கூடாது என்று நான் ஒருபக்கம், வேலை வேண்டாம் என்று அவர் ஒருபக்கம், நடுவில் மாப்போடு அவள். அன்று மத்தியானம், அவள் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தபோது போய் நேராகவே கேட்டேன்.

"அந்தக் கல்லு நல்லாத்தான் இருக்கு. உனக்கே தெரியும். என்னம்மா விஷயம்?"

அவள் ஃபோனை எடுத்து, எங்கோ கீழே போய்த் தேடி, ஒரு குரல் பதிவை ஓடவிட்டாள். பின்னால் காற்று இரைந்தது. கணவரின் குரல்: "நீ கவலையே படாத. வேலைய ஆரம்பி. வீடு முடியறதுக்குள்ள நான் வந்து நிப்பேன், பாரு. அதுக்குள்ள வரலைன்னா என்னை உள்ளயே விடாத." பிறகு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

"போன மாசமே வரவேண்டியவரு அக்கா. அவருக்குப் பதிலா ஏற வேண்டிய ஆளு இன்னும் வரல. அந்த ஆளு வராம இவரை இறக்க மாட்டாங்களாம். இவரு சொன்ன சொல்லு தவறாத மனுஷன். இதுவரைக்கும் தவறினதே இல்ல." ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "வீடு இன்னும் முடியலையே. முடிஞ்சாத்தானே அவரு லேட்டு?"

இதை அவள் பைத்தியக்காரத்தனமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்பவளைப்போல, நிதானமாகச் சொன்னாள். பிரசவத்துக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் பெற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற பயத்தை அந்த ஒரு கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். அந்தக் கல் பதியாத வரையில் அவர் வழியில் இருக்கிறார். பதிந்துவிட்டால் அவர் வரவில்லை. ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். நான் சத்தத்தைப் பற்றி அல்லவா புகார் சொன்னேன்!

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு."

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை அவள் மாப்பைத் தூக்குவதற்கு முன்பே நான் அங்கே போய் நின்றேன். மூலைக் கல்லைக் காலால் தட்டினேன். "மேஸ்திரி, எனக்கும் சத்தம் சரியாப் படலை" என்றேன். மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களுமா அக்கா?" என்று கேட்டு, பெருமூச்சு விட்டுக் கல்லைப் பெயர்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல் நான்காம் முறையாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

வலி வந்தது ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டரை மணிக்கு. அதைக் கலவை சுமப்பவள்தான் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "அந்தம்மா மேசையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, மூஞ்செல்லாம் வேர்வை. எனக்கு நாலு பெத்த அனுபவம், பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. வாம்மா போலாம்னு கையப் பிடிச்சா, என்னையே லைன்ல இருக்கச் சொல்லுது! ஃபோன்ல ஒரு பொம்பளைக்கு எந்தப் பட்டனை அழுத்தணும்னு பொறுமையாச் சொல்லி முடிச்சு, 'வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்'னு கேட்டுட்டுத்தான் கருவியக் கழட்டுச்சு."

வாடகை வண்டியில் முன்னால் மேஸ்திரி, பின்னால் அவளை நடுவில் வைத்து நானும் கலவை சுமப்பவளும். மேஸ்திரியின் கையில் கலவை காய்ந்துகொண்டிருந்தது, கழுவ நேரமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, "கூட வந்தவங்க யாரு?" என்றாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் 'உறவு முறை' என்று ஒரு கட்டம். காலமெல்லாம் பிறர் எழுத்தைத் திருத்தியவள் நான்; அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றேன். "அக்கான்னு எழுதுங்கக்கா, எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறோம்" என்றார் மேஸ்திரி. எழுதினேன். ஐந்தே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல், அம்மாவைப்போல இல்லை, எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனாள்.

அவளைப் பார்க்க உள்ளே விட்டதும் நான்தான் முதலில் போனேன். குழந்தையைக் காட்டினாள். பிறகு மெதுவாக, "ஃபோன் ஏதாவது வந்துச்சா அக்கா?" என்றாள். இல்லை என்றேன். "கடல்ல இருப்பாரு" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

மூன்றாம் நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கேட்டில் மேஸ்திரி குளித்து, வெளுத்த சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். புருவத்தில் தூள் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணை மூடிக்கிட்டு உள்ள வாங்கம்மா" என்றார்.

அவரும் அவர் தம்பி மனைவியும் மூன்று நாளும் ராப்பகல் பார்க்காமல் உழைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் இளமஞ்சள். ஸ்விட்சுகள் துடைத்துப் பளிச்சென்று. பின்பக்கம் துணிக்கொடி கட்டியிருந்தது. மணல் மூட்டை, சல்லடை, உடைந்த கல், ஒன்றும் இல்லை. தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னலுக்குக் கீழே மூலைக் கல்லும் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"புள்ளையோட வர்றப்ப வேலை பாக்கி இருக்கக்கூடாதுன்னுதாம்மா" என்றார் மேஸ்திரி. "அந்தக் கல்லு, இன்னிக்குக் காலைலதான் வச்சேன். இந்தத் தடவை ஊசி முனை காத்துகூட இல்லை. ஒரு நாள் மட்டும் மிதிக்காம இருங்க, அடியில ஈரம்." நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் சந்தோஷத்தை எதிர்பார்த்து; நான் வேறொன்றுக்குப் பயந்து.

அவள் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. உடனே அந்த வேலைக்குரல் வந்துவிட்டது, ஏறாத, இறங்காத குரல். "ரொம்ப அழகா இருக்கு மேஸ்திரி. உங்க பொறுமைக்கு ரொம்ப நன்றி." மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தையின் கையில் ஒரு விரலைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கருவிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் கேட்டுக்கு வரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை அன்று நான்தான் நின்றேன்.

அவளைப் படுக்கவைத்துவிட்டு, சமைத்து எடுத்துவருகிறேன் என்று என் வீட்டுக்கு வந்தேன். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் வெந்நீர்க் குடுவையை அங்கேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அறை வாசலில் நின்றுவிட்டேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"ம், சொல்லுங்க... கேக்குது, நல்லாக் கேக்குது. பொண்ணுதாங்க. ஆமா, பொண்ணு." இது வேலைக்குரல் இல்லை. இந்தக் குரலைச் சுவர் வழியாகக்கூட நான் கேட்டதில்லை. "அழாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். எல்லாரும் இருந்தாங்க... எப்ப? அடுத்த துறைமுகமா? ம். பரவாயில்ல." அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார்.

"வீடா?" என்றாள். மூலையைப் பார்த்தாள். "கொஞ்சம் லைன்ல இருங்க."

ஃபோனைக் குழந்தையின் பக்கத்தில், கட்டிலில் வைத்தாள். சமையலறைக்கு அந்த அகலமான வழியில் மெல்ல நடந்துபோய், தட்டைக் கரண்டி ஒன்றை எடுத்துவந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, இன்னொரு கையால் அடிவயிற்றைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உட்கார்ந்தாள். மூலைக் கல்லின் விளிம்பில் கரண்டியைச் செருகி நெம்பினாள். ஈரக் கலவை விடமாட்டேன் என்று இழுத்துப் பிடித்துப் பிறகு விட்டுக்கொடுத்தது. கல்லைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தன் புடவைத் தலைப்பால் சுத்தமாகத் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தாள்.

கலவை ஒட்டிய கையாலேயே ஃபோனை எட்டி எடுத்தாள்.

"இல்லைங்க. இன்னும் ஒரு கல்லு பாக்கி இருக்கு."